ஒரு காந்தாரமும் பல விரல்களும்

என் பேத்தி மூன்று வருஷம் கீபோர்டு படித்தாள். சனிக்கிழமை தோறும் தோப்பும்படியில் வகுப்பு, வீட்டில் தினமும் அரை மணி சாதகம். இடக்கொச்சியில் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து வீடுகளில் கீபோர்டு இருக்கிறது. வாங்குவது சுலபம், சுருதி கூட்ட வேண்டாம், எந்த மழையிலும் அப்படியே இருக்கும். போன விஜயதசமிக்கு அவளை வயலினில் சேர்த்தோம். "கீபோர்டு தெரிஞ்ச குழந்தைதானேப்பா, ரெண்டு மாசத்துல புடிச்சுக்குவா" என்றான் என் மகன்.

முதல் வாரம் வாத்தியார் நோட்டில் ஸ, ரி, க, ம என்று எழுதி, கீழே 0, 1, 2, 3 என்று போட்டுக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்த குழந்தை ரிஷபத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, அதை வயலின் கழுத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறாள். "தாத்தா, ஒண்ணுன்னா இதுதானே?" என்று கேட்டாள். அவள் படித்த பாடத்தில் ஒன்று என்றால் கட்டைவிரல்தான். வயலினில் ஒன்று என்பது சுட்டுவிரல். கட்டைவிரல் கழுத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கும், அதற்கு எண்ணே கிடையாது.

நான் வித்வான் இல்லை. சின்ன வயதில் சில வருஷம் வயலின் படித்து, வேலைக்குப் போனதும் விட்டு, ஓய்வு பெற்ற பிறகு மறுபடி தொட்டவன். இருந்தாலும் நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இதுதான்: "முதல்ல கீபோர்டு கத்துக்கிட்டா அப்புறம் எந்த வாத்தியமும் சுலபமா வந்துடும் இல்லையா?" நானும் பல வருஷம் ஆமாம் என்றுதான் சொல்லி வந்தேன். அந்தக் கட்டைவிரலைப் பார்த்த பிறகு உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன்.

எண் குழப்பம் சின்ன விஷயம். பியானோவிலேயே இது ஒரே மாதிரி இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அச்சான புத்தகங்களில் கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி போட்டு, சுட்டுவிரலிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். மற்ற நாடுகளில் கட்டைவிரல்தான் ஒன்று. பிறகு அந்த முறையே எங்கும் நிலைத்தது. அதற்கும் முன்னால் கட்டைவிரலுக்கு வேலையே அதிகம் இல்லை. ஜெர்மனியில் சி.பி.இ. பாக் 1753-இல் எழுதிய நூலில் தன் தகப்பனார் சொன்னதாக ஒன்றைக் குறித்திருக்கிறார். அவருடைய இளமையில் பெரிய வித்வான்கள்கூட, கை எட்டாத தூரம் வந்தால் மட்டுமே கட்டைவிரலைப் பயன்படுத்தினார்களாம். அந்தத் தகப்பனார்தான் ஜே.எஸ். பாக். இன்று குழந்தைகள் முதல் மாதமே படிக்கிற பாடம், மூன்று விரல் வாசித்ததும் கட்டைவிரலை அடியில் நுழைத்து மேலே போவது. இப்படிக் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குச் சமமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எண்ணை ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம், பேத்தியும் மாற்றிக்கொண்டாள். விரல் என்ன வேலை செய்கிறது என்பதுதான் பெரிய விஷயம். அதை விளக்க ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொள்கிறேன்: தோடி ராகத்துக் காந்தாரம்.

கட்டையில் அகப்படாத காந்தாரம்

தோடியில் வருவது சாதாரண காந்தாரம். ஒரு கட்டை சுருதியில் கீபோர்டில் தேடினால், ஸட்ஜத்தை முதல் வெள்ளைக் கட்டையில் வைத்து, இரண்டாவது கறுப்புக் கட்டையை அழுத்த வேண்டும். அழுத்திப் பாருங்கள். ஸ்வரம் சரியாகத்தான் இருக்கும், தோடி மட்டும் இருக்காது. ஏனென்றால் பாடகர் தோடியில் காந்தாரத்தைப் பாடும்போது அந்த இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்குப் பக்கத்திலிருந்து மத்திமத்தின் வாசல் வரை ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வருகிறார். அந்த ஆட்டத்துக்குத்தான் காந்தாரம் என்று பெயர். நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டை ஒரு முகவரி, அவ்வளவுதான். வீட்டுக்காரர் எப்போதும் வாசலில் உலாவிக்கொண்டே இருப்பார்.

கீபோர்டிலும் ஆர்மோனியத்திலும் விரல் என்பது விளக்குப் போடுகிற ஸ்விட்ச் மாதிரி. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு பித்தளை நாக்கு இருக்கிறது. கட்டையை அழுத்தினால் காற்று போய் நாக்கு அதிரும். எந்த விரலால் அழுத்தினாலும், எப்படி அழுத்தினாலும் ஸ்வரத்தின் உயரம் மாறாது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. 1971-இல்தான் அது தளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதை ஒதுக்கிய கர்நாடக வித்வான்களும் தங்கள் சுருதியை "ஒண்ணரைக் கட்டை", "ஐந்தரைக் கட்டை" என்றுதான் சொல்லுவார்கள். அந்தக் கட்டை ஆர்மோனியத்துக் கட்டைதான். வெள்ளைக்கு முழு எண், கறுப்புக்கு அரை.

ஆர்மோனியத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மட்டாஞ்சேரிப் பக்கம் வந்து அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். உம்பாயி கஜல் பாடிய ஊர் இது. 2018-இல் அவர் மறைந்தபோதும் நம் கண்ணுக்கு வந்தது ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த அவர் உருவம்தான். இன்னும் பக்கத்தில் சொல்ல வேண்டுமானால், நம் பள்ளுருத்தியிலேயே வாழ்ந்தவர் எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர். ஃபோர்ட் கொச்சியில் 1936-இல் பிறந்தவர். வறுமை காரணமாகச் சிறுவயதில் அண்ணனோடு பழனியில் ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேதான் பாட்டும் ஆர்மோனியமும் படித்தார். கொச்சிக்காரர் தமிழ்நாட்டில் கற்றுக்கொண்ட அந்த விரல்கள் 1968 முதல் எத்தனை மலையாளப் படங்களுக்கு மெட்டுப் போட்டன! ஏ.ஆர். ரகுமானின் தகப்பனார் ஆர்.கே. சேகர் அவருடன் வேலை செய்தவர். சேகர் 1976-இல் காலமான பிறகு, சிறுவனாக இருந்த ரகுமானைக் கீபோர்டு வாசிக்க வைத்தவர்களில் மாஸ்டரும் ஒருவர். 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் அவர் போனார். மெட்டமைக்கவும் பாட்டுக்கு ஆதாரமாக வாசிக்கவும் ஆர்மோனியத்துக்கு ஈடு கிடையாது. வலக்கை விரல்கள் ஓடும், இடக்கை துருத்தி போடும், வாய் பாடும். கமகத்தைப் பாடுகிறவர் தொண்டை பார்த்துக்கொள்ளும்.

கீபோர்டிலேயே கமகம் வாசிக்கிறவர்களும் உண்டு. கே. சத்தியநாராயணன் கச்சேரியைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் கவனித்துப் பாருங்கள், அங்கே வலக்கை கட்டையை அழுத்த, ஸ்வரத்தை வளைக்கிறது இடக்கை. ஓரத்தில் இருக்கிற பிட்ச் பெண்ட் சக்கரத்தில். அதாவது ஒரு காந்தாரத்துக்கு இரண்டு கை. நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் அந்தச் சக்கரத்தைத் தொடக்கூடச் சொல்லித் தருவதில்லை.

இழுத்து எடுக்கிற காந்தாரம்

வீணைக்கு வருவோம். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள். ரகுநாத நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்த 24 மெட்டு அமைப்பு நிலைப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் கீபோர்டு மாதிரிதான், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மெட்டு. ஆனால் வீணைக்காரர் தோடிக் காந்தாரத்தை அதன் மெட்டில் தேடி நிற்க மாட்டார். கீழ் மெட்டில் விரலை வைத்து, கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, மத்திமம் வரை கொண்டுபோய்த் தளர்த்துவார். மறுபடி இழுப்பார். காந்தாரம் அந்த இழுப்பில் இருக்கிறது. கம்பியை எவ்வளவு இழுத்தால் எவ்வளவு உயரும் என்று எந்த மெட்டும் சொல்லாது, காதுதான் சொல்லணும்.

இடக்கையில் வேலை செய்வது பெரும்பாலும் சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டுமே. இரண்டையும் ஒட்டி வைத்து ஓடுவது ஒரு முறை. பிரித்து, ஒன்று ஒரு மெட்டில் நிற்க மற்றது அடுத்த மெட்டில் தட்டுவது இன்னொரு முறை. கத்தரி மாதிரி விரிவதால் அதற்குக் கத்தரி என்றே பெயர். வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மீட்ட, சுண்டுவிரல் பக்கத்துத் தாளக் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும். வீணை தனம்மாள் மீட்டுக்கோல் எதுவும் மாட்டாமல் வெறும் விரலால் வாசித்தவர். அந்த நாதம் சின்னது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியது என்பார்கள். எஸ். பாலசந்தர் நேர் எதிர்: ஒரே மெட்டில் நின்று கம்பியை இழுத்து இழுத்து ஸ்வரம் ஸ்வரமாக எடுத்துக்கொண்டே போவார்.

என் அத்தை ஒருத்தர் வீணை வாசிப்பார். பக்கத்தில் எப்போதும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு இருக்கும். விரலைத் தொட்டுத் தொட்டு வாசிப்பார், இல்லாவிட்டால் கம்பி விரலை அறுத்துவிடும். அவர் விரல் நுனியில் இரண்டு பள்ளம் இருந்தது. குழந்தைகளாக இருந்தபோது அதைத் தடவிப் பார்ப்போம். கொச்சி வெயிலில் மெட்டுகளைப் பதித்திருக்கிற மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும் என்று புலம்பிக்கொண்டே இருப்பார்.

நம் இசை நூல்களில் கமகத்தை விரல் வேலையாகவே எழுதி வைத்த பெரிய நூல் ஒன்று உண்டு. எட்டயபுரத்தில் 1904-இல் சுப்பராம தீட்சிதர் தெலுங்கில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, அதை வீணையில் எப்படி எடுப்பது, விரலை எங்கே வைத்து என்ன செய்வது என்று விளக்குகிறார். இதற்கு இன்னும் பழைய வேர் நம்மிடமே இருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழை எடுக்கும் இடத்தில், விரல்கள் நரம்பில் செய்கிற எட்டு வகைத் தொழில்கள் பெயர் சொல்லப்படுகின்றன. அதில் வார்தல் என்பது சுட்டுவிரல் தொழில் என்றும், வடித்தல் என்பது சுட்டுவிரலும் கட்டைவிரலும் சேர்ந்து செய்வது என்றும் உரைகாரர்கள் விரல் விரலாகப் பிரித்துச் சொல்கிறார்கள். கல்லூரியில் கானல்வரி படித்தபோது இதையெல்லாம் மனப்பாடம் பண்ணித் தேர்வு எழுதினேன். ஒரு வாத்தியத்தைத் தொட்ட பிறகுதான் இது பாடக் குறிப்பு என்று புரிந்தது.

பறவூரும் திருப்பூணித்துறையும்

வயலினில் மெட்டே கிடையாது. விரல் வைக்கிற இடம்தான் ஸ்வரம். மயிரிழை தள்ளினால் அபஸ்வரம். கீபோர்டிலிருந்து வந்த குழந்தைக்கு முதல் அதிர்ச்சி இதுதான்: ஸ்வரத்தைத் தானே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இந்த மேல்நாட்டு வாத்தியத்தை நம் இசைக்குப் பழக்கியதில் முதல் பெயர் பாலுஸ்வாமி தீட்சிதர், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. அடுத்து தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு. அவர் திருவனந்தபுரத்தில் ஸ்வாதித் திருநாள் அரண்மனையில் இருந்தவர். மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். தமிழ் விரல்களுக்குக் கேரளத்தில் கிடைத்த மரியாதை அது.

அவர்கள் வழி வந்தவர்கள் வாத்தியத்தின் மரத்தை மாற்றவில்லை. மாறியது மூன்று. முதலாவது தந்திகளின் சுருதி: மேல்நாட்டில் நான்கு தந்தியும் நான்கு வேறு ஸ்வரம். நாம் ஸ, ப, ஸ, ப என்று கூட்டுகிறோம். அதனால் கீழ்த்தந்தி இரண்டில் விரல் எங்கே போகுமோ அதே இடம்தான் மேல்தந்தி இரண்டிலும். இரண்டாவது உட்காரும் முறை. அவர்கள் தோளுக்கும் தாடைக்கும் நடுவே வயலினை இடுக்கிக்கொண்டு நிற்பார்கள். நாம் சம்மணம் கூட்டி உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை மார்போடு சேர்த்துவிடுகிறோம். வாத்தியம் இரண்டு பக்கமும் தாங்கப்பட்டு அசையாமல் நிற்கும். இடக்கைக்குப் பிடித்துக்கொள்ளும் வேலை இல்லை, மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போகலாம். மூன்றாவது விரல். மேல்நாட்டு முறையில் நான்கு விரலும் நான்கு இடத்தில் தூண் மாதிரி நிற்கும், சுண்டுவிரல் பஞ்சமத்தைத் தொடும். நம் முறையில் கமகத்தின் பாரம் முழுக்கச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும்தான். தோடிக் காந்தாரத்துக்கு ஒரே விரல் தந்தியில் ரிஷபத்துப் பக்கத்திலிருந்து மத்திமம் வரை உருண்டு உருண்டு வரும். விரலை மாற்றினால் ஆட்டம் அறுந்து போகும்.

ஆரம்பப் பாடமே இதற்குத் தயார் செய்கிறது. மாயாமாளவகௌளையில் ரிஷபம் ஸட்ஜத்துக்கு ஒட்டி இருக்கும், காந்தாரம் தள்ளி இருக்கும், மத்திமம் காந்தாரத்தை உரசிக்கொண்டு இருக்கும். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பெரிய இடைவெளி, நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிக்கொண்டு. கீபோர்டில் கை இயல்பாகச் சமமாக விரிந்து இருக்கும் அல்லவா, அந்தப் பழக்கம் இங்கே இடைஞ்சல். என் பேத்திக்கு இந்த இடைவெளி உட்கார நாலு மாதம் ஆனது. இதற்கு முன்னால் எந்த வாத்தியமும் தொடாத பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு மாதத்தில் வைத்தான். இதிலிருந்து பெரிய முடிவுக்கு வர மாட்டேன், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

கேரளப் பள்ளிக் கலோல்ஸவத்தில் வயலினுக்கு இரண்டு தனிப் போட்டி வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பௌரஸ்த்யம், பாஸ்சாத்யம் என்று. ஒரே வாத்தியத்துக்கு எதற்கு இரண்டு என்று முன்பு நினைப்பேன். விரலைப் பார்த்தால் இரண்டு வாத்தியம்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல வயலின் கேட்க வேண்டுமானால் மெட்ராஸ்தான் என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கச்சேரி நோட்டீஸ்களில் "பரூர்" என்று வருகிற ஊர் நம் வடக்கன் பறவூர். அந்த ஊர் சுந்தரம் ஐயர் பம்பாயில் இருந்த காலத்தில் இந்துஸ்தானி இசையும் பழகி, இரண்டுக்கும் ஏற்ற ஒரு விரல் முறையையும் வில் முறையையும் உண்டாக்கினார். அதுதான் பரூர் பாணி. அவருடைய பிள்ளைகள் எம்.எஸ். அனந்தராமனும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும். எம்.எஸ்.ஜி. பிறந்தது 1931-இல் மயிலாப்பூரில், ஆனால் கையில் இருந்தது பறவூர். ஒரே தந்தியில் முழு ஸ்தாயியையும் அவர் ஓட்டிக்காட்டுவதைக் கேட்டால் நான்கு தந்தி எதற்கு என்று தோன்றும். இன்னொரு பக்கம் டி.என். கிருஷ்ணன். 1928-இல் திருப்பூணித்துறையில் பிறந்து, தகப்பனார் நாராயண ஐயரிடமே கற்றவர். எம்.எஸ்.ஜி. மாதிரி மின்னல் ஓட்டம் அவருடைய வழி அல்ல. நீளமான வில், நிதானமான விரல், பாட்டு மாதிரி ஒரு தெளிவு. லால்குடி ஜெயராமனோடு சேர்த்து வயலின் மும்மூர்த்திகள் என்று சொன்ன மூவரில் இரண்டு பேருடைய வேர் நம் எறணாகுளம் மாவட்டத்தில். இடக்கொச்சியிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரம். எம்.எஸ்.ஜி. 2013-லும் கிருஷ்ணன் 2020-லும் மறைந்துவிட்டார்கள், ஆனால் ஒலிப்பதிவுகள் நிறைய இருக்கின்றன. இருவரும் வாசித்த தோடியைத் தேடி எடுத்து அடுத்தடுத்து போட்டுக் கேளுங்கள். காந்தாரம் ஒன்றுதான், கை வேறு.

மூடுவதும் பாதி மூடுவதும்

புல்லாங்குழலில் கணக்கே வேறு. நம் குழலில் முதல் இரண்டு துளையை மூடினால் ஸட்ஜம், முதல் துளை மட்டும் மூடினால் சதுச்ருதி ரிஷபம், எல்லாவற்றையும் திறந்தால் அந்தர காந்தாரம். கீழே போனால் ஐந்து துளை மூடிப் பஞ்சமம், ஆறு மூடி மத்திமம். முழுதாக மூடித் திறந்தே வருகிற இந்த வரிசை அரிகாம்போதி. வட இந்திய பான்சுரியில் மூன்று துளையை மூடினால் ஸட்ஜம். அதே மூங்கில்தான், ஒரே ஒரு விரல் வித்தியாசத்தில் எல்லா ஸ்வரமும் இடம் மாறிவிடும். அதைக் கற்றவர் இதை வாசிக்க முதலிலிருந்து வர வேண்டும்.

குழலுக்கு எத்தனை விரல் என்பதை அடியார்க்குநல்லார் சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் எழுதியிருக்கிறார்: இடக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீங்கலாக மூன்று, வலக்கையில் கட்டைவிரல் நீங்கலாக நான்கு. இன்றைக்கும் குழல் பிடிக்கிறவர் கையைப் பாருங்கள், பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

அரிகாம்போதியில் இல்லாத ஸ்வரங்கள் வேண்டுமென்றால் துளையைப் பாதி மூட வேண்டும். தோடியின் சுத்த ரிஷபத்துக்கு இரண்டாவது துளை பாதி, சாதாரண காந்தாரத்துக்கு முதல் துளை பாதி. இப்போது நம் ஊஞ்சலை ஆட்டிப் பாருங்கள். காந்தாரத்தில் கிட்டத்தட்ட எல்லாத் துளையும் திறந்திருக்கிறது. அடுத்த மத்திமத்துக்கோ ஏறக்குறைய எல்லாத் துளையையும் மூடி, ஊதுவதையும் மாற்ற வேண்டும். தொண்டையில் ஒரு இழையாகப் போகிற இடம், குழலில் ஒரு பள்ளத்தாக்கு. விரல்கள் கூட்டமாகப் போய் மூடினால் ஊஞ்சல் அறுந்து "டிக் டிக்" என்று படி ஏறுகிற மாதிரி கேட்கும். சரப சாஸ்திரி, பல்லடம் சஞ்சீவ ராவ் வழியில் குழல் கச்சேரி வாத்தியமாக வளர்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பாலம் போட்டவர் என்று எல்லோரும் சொல்வது திருவிடைமருதூரில் 1926-இல் பிறந்த டி.ஆர். மகாலிங்கத்தை, அதாவது மாலியை. துளையின் மேல் விரலை வைக்கிற முறையையே மாற்றி, உதட்டையும் மூச்சையும் அதற்குத் துணையாக வைத்து, குழலைப் பாட வைத்தார். அவருக்குப் பின் வந்த கர்நாடகக் குழல்காரர்களில் அவர் கை படாதவர் அபூர்வம்.

நாகஸ்வரத்தில் 12 துளைகள் இருக்கும். விரல் போவது ஏழில்தான். மற்றவை கீழே சுருதியைச் சரிசெய்ய விட்டவை, மெழுகு வைத்து அடைப்பதும் உண்டு. பாதித் துளை வேலையில் பெரும் பங்கைச் சீவாளியைப் பிடித்திருக்கிற உதடும் மூச்சும் எடுத்துக்கொள்ளும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லப் போகிறேன்? விரல் விஷயத்தில் ஒன்று மட்டும். அவர் காலத்துக்கு முன் புழங்கிய திமிரி நாகஸ்வரம் குட்டையானது, சுருதி அதிகம். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தை உருவாக்கிக் கொடுத்தார், சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசும்படியும் செய்தார். தோடிக் காந்தாரம் எட்டிப் பார்க்கிற மத்திமம் அதுதானே. விரலால் மட்டும் ஆகாததை மரம் இழைப்பவர் ஆச்சா மரத்தில் சரிசெய்தார். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மேல்நாட்டில் போன வழி இதற்கு நேர் எதிர். ஜெர்மனியில் தியோபால்ட் போம் 1847-இல் அமைத்த புல்லாங்குழலில் துளைகளை மூடுவது விரல் அல்ல, விரல் அழுத்துகிற உலோக மூடி. ஒவ்வொரு அரை ஸ்வரமும் துல்லியமாக, சமமாக வரும். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான், பாதி மூடுகிற வேலையே வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. சாக்ஸபோனும் மூடி வைத்த வாத்தியம்தான். கத்ரி கோபால்நாத் அதில் கமகம் கொண்டுவரப் பல வருஷம் மல்லுக்கட்டி, வாத்தியத்திலேயே சில மாற்றங்கள் செய்துகொண்டார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நான்கு இரட்டைத் தந்திகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி போட்டார். இப்படி வெளியிலிருந்து எந்த வாத்தியம் வந்தாலும் நம் காந்தாரம் அதைக் கொஞ்சம் உடைத்துத்தான் உள்ளே விடுகிறது.

அப்போ கீபோர்டு படித்தது வீணா என்று என் மகன் கேட்டான். வீண் இல்லை. தாளம் வந்திருக்கிறது, இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்யப் பழகியிருக்கிறது, ஸ்வரத்தைக் காதால் அடையாளம் காண்கிறாள். வயலினில் விரல் தள்ளி வைத்தால் முகம் சுளிக்கிறாள், அது கீபோர்டு கொடுத்த காது. வராதது விரல். மெல்லிசையும் சினிமாப் பாட்டும் ஆசைப்படுகிற பிள்ளைக்குக் கீபோர்டு போதும், நன்றாகவே போதும். கர்நாடக வாத்தியம்தான் கடைசியில் வேண்டும் என்று வீட்டில் நினைத்திருந்தால், சுற்றி வராமல் எட்டு வயதிலேயே அந்த வாத்தியத்தில் உட்கார வையுங்கள். கூடவே வாய்ப்பாட்டு கட்டாயம். ஆட்டம் தொண்டையில் தெரியாத பிள்ளைக்கு எந்த விரலிலும் வராது. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் படித்து வந்த வாத்தியார்கள் நம் மேற்குக் கொச்சிப் பக்கம் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள், விசாரியுங்கள்.

பேத்தி இப்போது ஜண்டை வரிசையில் இருக்கிறாள். தோடி வர்ணத்துக்கு இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும். போன வாரம் கீபோர்டில் காந்தாரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னை வயலினில் தோடிக் காந்தாரம் வாசிக்கச் சொன்னாள். என் காந்தாரம் மேலும் கீழும் அலைய, கீபோர்டு காந்தாரம் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தாத்தா, நீங்கதான் தப்பா வாசிக்கிறீங்க" என்றாள்.

ஞாயிறு வகுப்பில் வயலினுக்கு இன்னும் சில பிள்ளைகளைச் சேர்க்கலாம். முக்கால் அளவு வயலின் ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது, முதல் ஆறு மாதத்துக்கு இரவல் தருகிறேன். கீபோர்டு படித்த பிள்ளையானால் நகத்தை வெட்டி, சுட்டுவிரலில் பேனாவால் ஒன்று என்று எழுதி அனுப்புங்கள்.